களைக்குள் இருக்கும் ஒளி



ஏரியிலும் ஓடையிலும் பச்சைப் பாய் விரித்தாற்போல் மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையை எல்லோரும் அறிவோம். மலாய்க்காரர் அதைக் கெலாடி புந்திங் என்பர். தென்னமெரிக்காவில் பிறந்த இச்செடி, பூவின் அழகுக்காக மனிதன் கையாலேயே உலகெங்கும் பரவிற்று. தோதான நீரில் இரண்டே வாரத்தில் இருமடங்காகும். படகை மறிக்கும், மீனை மூச்சு முட்டச் செய்யும், கொசுவை வளர்க்கும்.

இந்தக் களையைக் கொண்டு அஸ்ஸாம் மாநிலத்துக் குவஹாத்தி நகர விஞ்ஞானிகள் செய்த ஓர் ஆராய்ச்சி 2019-ல் வெளிவந்தது. நம்மவர் அறிய வேண்டிய விஷயம் அது.

செடி எதுவாயினும் அதன் உடலில் கரி உண்டு. இலையைக் காயவைத்துப் பொடித்து, பக்குவமாகச் சூடேற்றினால், அக்கரி மிக நுண்ணிய துகள்களாகிறது. இதற்குக் கரிப்புள்ளி என்று பெயர். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். கரிப்புள்ளி பத்து நானோமீட்டருக்கும் குறைவு. 2004-ல் அமெரிக்காவில் புகைக்கரியைச் சுத்தம் செய்தவர்கள் தற்செயலாகக் கண்டது இது.

கள்ள நோட்டுப் பார்க்கக் கல்லாவருகே வைக்கும் புற ஊதா விளக்கை நாம் அறிவோம். அவ்வெளிச்சத்தில் நோட்டிலுள்ள மறைகுறிகள் ஒளிர்வதுபோலவே, கரிப்புள்ளி கரைந்த நீரும் ஒளிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத கதிரை வாங்கித் தெரியும் ஒளியாகத் திருப்பிக் கொடுப்பதே இதன் தொழில்.

இதனால் பயன் என்ன? நெல்வயலில் தெளிக்கும் பிரெட்டிலாக்ளோர் என்ற களைக்கொல்லி நீரில் கலந்திருந்தால், இப்புள்ளிகளின் ஒளி மாறுகிறது. களையே களைக்கொல்லியைக் காட்டிக் கொடுக்கிறது! அரிசி விற்கும் நமக்கு இதன் அருமை விளங்கும். அல்லாஹுத் தஆலா எதையும் வீணாகப் படைக்கவில்லை என்ற நம் ஈமானுக்கு இதுவும் ஒரு சான்று.

ஆனால் வியாபாரி தராசையும் பார்க்க வேண்டும். ஆகாயத்தாமரையில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர். நூறு கிலோவை வாரிச் சுமந்து உலர்த்தினால் பத்துக் கிலோகூடத் தேறாது. சோதனைக்கு வேண்டிய கரிப்புள்ளியோ சிறிதளவே. ஆகவே ஏரியின் களை இதனால் தீர்ந்துவிடாது. எலுமிச்சை அமிலம், சர்க்கரை, பழத்தோல் இவற்றிலிருந்தும் கரிப்புள்ளி எடுக்கலாம். செடி வளர்ந்த நீருக்கேற்பத் தரமும் மாறக்கூடும்.

எனவே, "களை பொன்னாகிறது, பங்கு போடுங்கள்" என்று எவரேனும் வந்தால் நான்கு கேள்வி கேளுங்கள். ஒரு கிலோ உலர்ந்த இலைக்கு எத்தனை கிராம் சரக்கு? இன்று எடுத்ததும் நாளை எடுப்பதும் ஒரே தரமா? கூலியும் மின்சாரமும் எவ்வளவு? வாங்குபவர் யார்? பதிலில்லாத சரக்குக்குப் பணம் போடுவது, மார்க்கம் தடுத்துள்ள கரர் என்னும் நிச்சயமற்ற வியாபாரத்தில் போய் முடியும்.

படிக்கும் நம் பிள்ளைகளுக்கோ இவ்வித்தையில் இடமுண்டு. அவர்களை ஊக்குவிப்போம். வல்ல நாயன் பயனுள்ள கல்வியைத் தந்தருள்வானாக! ஆமீன்.