தசை அனுப்பும் தூது

உழைப்பு குறைந்து உணவு மிகுந்துவிட்ட காலம் இது. மலேசியாவில் 2019-ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தோரில் 50.1 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவர்கள். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் இது அதிகம். இனிப்பு நீருக்கும் இருதய நோய்க்கும் இதுவே வாசற்படி. "தினமும் நடங்கள்" என்று மருத்துவர்கள் சொல்கிறார்களே, நடக்கும்போது உடலுக்குள் என்ன நிகழ்கிறது? அதனைச் சற்றுக் காண்போம்.

கொழுப்பு வெறும் களஞ்சியமா?

கொழுப்புத் திசு உபரி உணவைச் சேர்த்து வைக்கும் களஞ்சியம் என்றே நெடுங்காலம் கருதினர். 1994-இல் நியூயார்க் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழுவினர் லெப்டினைக் கண்டறிந்த பிறகு அக்கருத்து மாறியது. கொழுப்பு உயிரணுக்கள் சுரக்கும் இந்த ஹார்மோன், "சேமிப்பு போதும், பசி அடங்கட்டும்" என்று மூளைக்குத் தெரிவிக்கிறது. பருமனானவர்களின் இரத்தத்தில் லெப்டின் மிகுதியாகவே உள்ளது. ஆனால் மூளை அதற்குச் செவிசாய்ப்பதில்லை.

வயிற்றினுள் உறுப்புகளைச் சூழ்ந்துள்ள கொழுப்பு மேலும் தீங்கானது. அங்கே உயிரணுக்கள் பருக்கும்போது வெள்ளணுக்கள் வந்து குவிந்து, டிஎன்எஃப்-ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்கள் சுரக்கின்றன. இவை இன்சுலினின் கட்டளையைத் தடுக்கின்றன. இன்சுலினுக்குத் துணைபுரியும் அடிப்போநெக்டினும் குறைந்துவிடுகிறது.

தசையும் பேசுகிறது

தசை சுருங்கும்போது குளூட்-4 என்னும் புரதம் அதன் உயிரணுவின் மேற்பரப்புக்கு வந்து, இரத்தத்திலுள்ள சர்க்கரையை உள்ளே எடுத்துக்கொள்கிறது. இதற்கு இன்சுலினின் உத்தரவு தேவையில்லை. இன்சுலின் சரியாக வேலை செய்யாதவருக்கும் நடை பயன்தருவது இதனால்தான்.

மற்றொன்றும் உண்டு. உழைக்கும் தசை இன்டர்லூகின்-6 என்னும் பொருளை இரத்தத்தில் விடுகிறது என்பதைக் கோப்பன்ஹேகனில் பென்டே கிளார்லுண்ட் பெடர்சன் குழுவினர் 2000-இல் காட்டினர். தசை அனுப்பும் இத்தகைய தூதுப் பொருள்களுக்கு மையோகைன் என்று பெயர். பருத்த கொழுப்பும் இதே பொருளைச் சுரக்கிறது. ஆனால் அது ஓயாமல் கசிவது. அழற்சியோடு சேர்ந்து வருவது. தசையிலிருந்து வருவதோ உழைக்கும் நேரத்தில் பெருகி, ஓய்ந்ததும் அடங்குகிறது. அது டிஎன்எஃப்-ஆல்ஃபாவை அடக்கும். கொழுப்பைக் கரைத்து எரிபொருளாக்கவும் தூண்டும்.

பன்னிரண்டு வாரச் சோதனை

இதனை உறுதிசெய்ய டென்மார்க்கில் ஒரு சோதனை நடத்தி, 2018-இல் முடிவை வெளியிட்டனர். வயிற்றுப் பருமன் உள்ளவர்களில் ஒரு பகுதியினர் 12 வாரம் சைக்கிள் பயிற்சி செய்தனர். அவர்களுள் சிலருக்கு இன்டர்லூகின்-6-இன் செயலைத் தடுக்கும் டோசிலிசுமாப் என்னும் மருந்தும், மற்றவர்களுக்கு மருந்தில்லா ஊசியும் செலுத்தப்பட்டன. மருந்தில்லாதவர்களின் உள்வயிற்றுக் கொழுப்பு குறைந்தது. மருந்து பெற்றவர்களோ அதே பயிற்சியைச் செய்தும் அக்கொழுப்பு குறையவில்லை. ஆகவே, கலோரியை எரிப்பதோடு உடற்பயிற்சியின் வேலை முடிந்துவிடுவதில்லை. தசையின் தூது கொழுப்பைச் சென்றடையவும் வேண்டும் என்பது தெளிவாயிற்று. (மூட்டுவாதத்திற்காக அம்மருந்தைப் பெறுவோர் இதைப் படித்துவிட்டுத் தாமாக நிறுத்திவிடக் கூடாது.)

நாம் செய்ய வேண்டியது

"இரண்டு மாதம் நடந்தேன், எடை இறங்கவில்லை" என்று விட்டுவிடுவோர் பலர். தராசு முள் அசையாவிட்டாலும் உள்வயிற்றுக் கொழுப்பு குறையலாம். ஆகவே இடுப்பையும் அளந்து பாருங்கள். ஆசியர்களில் ஆண்களுக்கு 90 செண்டிமீட்டரும் பெண்களுக்கு 80 செண்டிமீட்டரும் எச்சரிக்கை எல்லை.

வாரத்திற்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியும், இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒருநாள் பயிற்சியால் இன்சுலினுக்குக் கிடைக்கும் உதவி ஓரிரு நாள்களில் மறைந்துவிடும். எனவே தொடர்ந்து இரண்டு நாள் சும்மா இருக்க வேண்டாம். இருதய நோயுள்ளவர்களும், இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் முதலில் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நலம்.

தூதனுப்பத் தசை எந்த வயதிலும் ஆயத்தமாக உள்ளது. எழுந்து நடப்பது ஒன்றே நம் பொறுப்பு.