லயத்துச் சாவி யார் கையில்?

அன்புள்ள தம்பிக்கு,

மூணாறுக்குச் சுற்றுலா வருகிறவர்கள் தேயிலைச் சரிவைப் படம் எடுக்கிறார்கள். சரிவுக்குள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் வரிசை வீடுகள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. அவற்றுக்கு லயம் என்று பெயர். வீடு கம்பெனியுடையது. வாசலில் போகும் பாதை, குழாயில் வரும் தண்ணீர், எஸ்டேட் ஆஸ்பத்திரி, தாய்மார் கொழுந்தெடுக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம், இவையெல்லாம் கம்பெனியின் பொறுப்பு. ஓர் ஊரைத் தனியார் நிறுவனம் நடத்தினால் என்ன ஆகும் என்று கேட்பவருக்கு இங்கே நீண்ட சரித்திரம் இருக்கிறது. 1877இல் பூஞ்சாறு அரச குடும்பத்திடமிருந்து ஜான் டேனியல் மன்றோ மூணாறு இருக்கும் கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்கு எடுத்தார். அது முதுவர் பழங்குடியினர் வாழ்ந்த காடு. தோட்டம் போட ஆட்கள் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து வந்தார்கள். தினமும் போய்வரக்கூடிய தூரமல்ல. ஆகவே வேலை கொடுத்தவரே கூரையும் கொடுத்தாக வேண்டும். இதைத் தருமம் என்று நினைத்துவிடாதே, ஆள் இல்லாமல் தேயிலை ஏது? 1951இன் தோட்டத் தொழிலாளர் சட்டம் அந்தத் தேவையை முதலாளியின் கடமையாக எழுதி வைத்தது.

சட்டம் நல்லதுதான். ஆனால் வேலையும் வீடும் ஒரே கையில் இருந்தால், ஒன்று போகும்போது மற்றதும் போகும். ஓய்வு பெற்றவர் வீட்டைக் காலி செய்ய வேண்டும். நாற்பது வருஷம் உழைத்தவருக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம்கூட இல்லாதிருக்கலாம். அதனால்தான் பல குடும்பங்களில் பிள்ளைகளில் ஒருவராவது கூடையைத் தோளில் மாட்ட வேண்டியிருக்கிறது. வாடகை இல்லாத வீட்டுக்கு இப்படியும் ஒரு வாடகை உண்டு.

வாடகை இல்லை, வைத்தியம் உண்டு, இதைவிட என்ன வேண்டும் என்று சிலர் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. பீருமேட்டில் தோட்டங்கள் மூடப்பட்டபோது லயங்களைப் பழுதுபார்க்க ஆளில்லாமல் போனதைப் பார்த்தால் கம்பெனியின் அருமை தெரியும். ஆனால் அதே உதாரணம் எனக்கும் சாட்சி சொல்கிறது: கம்பெனி விழுந்தால் ஊரும் விழுகிறது. 2005இல் மூணாறுக் கம்பெனியில் தொழிலாளர்களே பங்குதாரர்களாகிவிட்டார்களே என்பது அடுத்த வாதம். பங்கு கையில் இருந்தும் 2015 செப்டம்பரில் ஆயிரக்கணக்கான பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு மூணாறு வீதியில் உட்கார வேண்டியிருந்தது. பெம்பிளை ஒருமை என்று பெயர் பெற்ற அந்தப் போராட்டம் தொழிற்சங்கத் தலைவர்களையும் தள்ளி நிறுத்தியது. பங்குப் பத்திரம் வேறு, குரல் வேறு.

கொச்சியின் அடுக்ககங்களும் தனியார் நிர்வாகம்தானே என்பாய். அங்கே வீட்டுக்காரர்கள் சங்கம் வைத்து நிர்வாகிகளைத் தாங்களே தேர்ந்தெடுக்கிறார்கள். பிடிக்காவிட்டால் விற்றுவிட்டுப் போகலாம். லயத்தில் இருப்பவர் எதை விற்பார்? பஞ்சாயத்துத் தேர்தலில் அவருக்கும் ஓட்டு உண்டு, ஆனால் ஒழுகும் கூரைக்கு ஓடு மாற்றுவது மேனேஜர். கம்பெனி ஊரில் குரலுக்கு இடம் உண்டா என்ற கேள்வி வேறிடத்திலும் எழுந்தது. அமெரிக்காவின் அலபாமாவில், கப்பல் கட்டும் கம்பெனிக்குச் சொந்தமான சிக்கசா ஊரில், நடைபாதையில் மதத் துண்டுப்பிரசுரம் கொடுத்த பெண்ணைக் கைது செய்தார்கள். ஊர் முழுதும் கம்பெனியின் சொத்தாக இருந்தாலும் அங்கே நடமாடுபவரின் பேச்சுரிமை கம்பெனியின் சொத்தாகிவிடாது என்று 1946இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இங்கேயோ, 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுப் பகுதியிலுள்ள பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களை மூடியது. 70 பேர் போனார்கள். தப்பியவர்களில் எட்டுக் குடும்பங்களுக்குக் குற்றியாறு பள்ளத்தாக்கில் அரசு நிலம் கொடுத்தது, கம்பெனி வீடு கட்டிக் கொடுத்தது. வேலை முடிந்தாலும் காலி செய்ய வேண்டாத வீடு அவர்களுக்குக் கிடைத்தது அதற்குப் பிறகுதான்.

அன்புடன்,
அண்ணன்