சாம்பாரில் கலக்காதே

1. மறுவாழ்வு மையத்துக்குத் தானாக வருகிறவர் குறைவு, கண்ணு. மனைவி அழைத்து வருவாள், அண்ணன் இழுத்து வருவார். பணம் கட்டுவதும் அவர்கள்தான். ஆனாலும் நீ குடிநோயாளிக்குத்தான் கவுன்சலர், பணம் கட்டியவருக்கு அல்ல.

2. “அவருக்குத் தெரியாம சாம்பார்ல கலக்க மாத்திரை வாங்கிக் குடுங்க” என்று ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்பாள். அவள் பட்ட பாட்டைக் கேட்டால் மனசு இளகும். இளகட்டும், தலையாட்டிவிடாதே. இரக்கம் வேறு, இசைவு வேறு. அவள் கேட்கும் அந்த மாத்திரை, டைசல்ஃபிரம், குடி ஆசையைத் தீர்க்கும் மருந்தல்ல. மது உடம்பில் உடையும்போது உண்டாகும் நச்சை மேற்கொண்டு கரைய விடாமல் தேக்கிவைக்கும். விஷயம் தெரியாதவர் வழக்கம்போல் ஒரு குவார்ட்டர் போட்டால் முகம் சிவக்கும், குமட்டும், நெஞ்சு படபடக்கும். ரத்த அழுத்தம் விழுந்து உயிரே போகலாம். மாத்திரையை நிறுத்தி 2 வாரம் வரைகூட அந்த ஆபத்து உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மனைவி இப்படிக் கலந்தும் ஆள் பிழைத்துக்கொண்டார். அதன்பிறகு அந்தம்மா கையால் ஒரு வாய் சோறு தின்னவில்லை. மூன்று வேளையும் மெஸ் சாப்பாடுதான். அவரே தெரிந்து, சம்மதித்து, டாக்டர் பார்வையில் போட்டிருந்தால் அதே மாத்திரை துணையாக இருந்திருக்கும்.

3. குடிநோயாளி உன்னிடம் சொன்னது அவர் சொத்து. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டம் மது, போதையால் வரும் மனநலச் சிக்கல்களுக்கும் பொருந்தும். ரகசியம் காக்கப்படுவது நோயாளியின் உரிமை என்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில விலக்குகள் உண்டு. அவற்றை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடு. பிற்பாடு சொன்னால் துரோகமாகத்தான் படும். மாமியார் போன் போட்டு, “மாப்பிள்ளை திரும்பக் குடிச்சாரா?” என்றால், “அவரையே கேளுங்கம்மா” என்று சொல்லி போனை வை.

4. ‘நூறு சதவீதம் குணம்’ என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதே. விட்டவர் திரும்பத் தொடுவது இந்த நோயில் சகஜம். பணம் கட்டுமுன் குடும்பத்திடம் இதைச் சொல். இரண்டு பேர் எழுந்து வேறு மையத்துக்குப் போவார்கள், போகட்டும்.

5. நாள் தவறாமல் நிறையக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் 2 நாளில் வலிப்பு வரலாம். அடுத்து, இல்லாத பூச்சியைச் சட்டையிலிருந்து தட்டிவிட்டுக்கொண்டிருப்பார். அந்நேரம் உன் பேச்சு எடுபடாது. ஆஸ்பத்திரிக்கு அனுப்பு.

6. நீயே குடியை விட்டு வந்தவனாக இருந்தால் உன் கதையை அளவோடு சொல். நோயாளிக்கான ஒரு மணி நேரத்தை அது தின்றுவிடக் கூடாது. கொட்டித் தீர்க்க, குடியை விட்டவர்கள் கூடும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) கூட்டம் இருக்கிறது. ஒருவேளை நீ சறுக்கினால், அடுத்த நோயாளியை உள்ளே கூப்பிடுமுன் பொறுப்பாளரிடம் போய்ச் சொல். கொஞ்ச நாள் ஆபீஸ் வேலை பார் என்பார், பார்.