தானே பற்றும் கிளட்ச்: தோட்டத்து மோட்டார் சைக்கிளுக்கு ஒரு பாடம்

குளுவாங், சிகாமட், கோத்தா திங்கி முதலிய வட்டாரங்களில் தோட்டத்துக் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கை மோட்டார் சைக்கிளையே பெரிதும் நம்பியிருக்கிறது. அதிகாலையில் பெரட்டுக்குச் செல்வதும், செம்பனை நிரைகளுக்கிடையே கருவிகளை ஏற்றிச் செல்வதும், பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளியில் விட்டு வருவதும் அதன்மீதுதான். செம்மண் மேடும், மழையில் சேறாகும் பள்ளமும் நிறைந்த பாதையில் ஓடும் இவ்வண்டியின் உறுப்புகளுள் நாம் மிகக் குறைவாக நினைத்துப் பார்ப்பது கிளட்ச். இடக்கையால் இழுத்துப் பிடிக்கும் விசை இல்லாமையால், அப்படியோர் உறுப்பு உண்டென்பதையே பலர் மறந்துவிடுகின்றனர். அதனைச் சரிவரப் பேணும் முறையை இங்குக் காண்போம்.

நாம் ‘கப்சாய்’ என வழங்கும் வண்டிவகைக்கு மூலம், 1958-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜப்பானில் வெளிவந்த ஹோண்டா சூப்பர் கப் ஆகும். சொய்ச்சிரோ ஹோண்டாவும் அவருடைய பங்காளர் தக்கேயோ புஜிசாவாவும் அதனைத் திட்டமிட்டபோது, ஒரு கையில் உணவுத் தட்டை ஏந்திச் செல்லும் கடைப்பையனும் மறு கையால் ஓட்டக்கூடிய வண்டியாக அஃது அமைய வேண்டுமெனக் கருதினர். அதன் பயனாகவே கைவிசை இல்லாத கிளட்ச் உருவாயிற்று. பினாங்கைச் சேர்ந்த வணிகர் லோ பூன் சியூ ஹோண்டா வண்டிகளை நம் நாட்டில் பரப்பினார். 2017-ஆம் ஆண்டில் சூப்பர் கப் வகையின் உலக உற்பத்தி 100 மில்லியனை எட்டியது.

இயங்கும் முறை

திருவிழாவில் குடை இராட்டினம் விரைந்து சுழலும்போது, அதில் தொங்கும் இருக்கைகள் வெளிப்புறமாக விரிவதை நாம் பார்த்திருக்கிறோம். இதுவே மைய விலக்கு விசை. என்ஜின் மெதுவாக ஓடும்போது கிளட்சில் உள்ள சிறு எடைகள் உள்ளடங்கியிருக்கும். என்ஜினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு இராது. வேகம் கூடியதும் அவ்வெடைகள் வெளியே விரிந்து, பற்றும் பரப்புகளை ஒன்றோடொன்று அழுத்துகின்றன. வண்டி நகர்கிறது.

கியர் மாற்றும்போது மற்றொரு செயல் நிகழ்கிறது. கால்மிதியை அழுத்தியதும் உராய்வுத் தகடுகள் விடுபடுகின்றன. காலை எடுத்ததும் அவை மீண்டும் பற்றுகின்றன. பழைய சி70 போன்ற வண்டிகளில் இவ்விரு செயலையும் ஒரே கிளட்ச் செய்கிறது. பின்னர் வந்த ஈஎக்ஸ்5 வண்டியில் இவற்றுக்குத் தனித்தனிக் கிளட்சுகள் உள்ளன.

இரு குறைகள்

முதலாவது, வழுக்குதல். மேட்டில் என்ஜின் இரையும், வண்டியோ ஏறாது. தகடுகள் தேய்ந்தமையும், தகாத எண்ணெயும், சரிசெய்யும் திருகு சிறிதும் இடைவெளியின்றி இறுகியிருத்தலும் இதற்குக் காரணங்களாம்.

இரண்டாவது, விடுபடாமை. முதல் கியர் இட்டவுடன் வண்டி குதிக்கும், அல்லது என்ஜின் நின்றுவிடும். வேகப்பிடியைத் தொடாதபோதும் வண்டி ஊர்ந்து செல்லும். திருகின் இடைவெளி மிகுந்திருப்பதும், என்ஜின் சும்மா ஓடும் வேகம் அளவுக்கு மேல் இருப்பதும் இதற்குக் காரணங்களாம்.

ஆகவே, திருகைத் தொடுமுன் இரண்டைச் சோதித்தல் வேண்டும். சும்மா ஓடும் வேகம் இவ்வகை வண்டிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 1,400 முதல் 1,500 சுற்று அளவில் இருக்கும். அது மிகுந்திருந்தால் முதலில் அதனைக் குறைத்திடுக. எரிபொருளை மின்னணு முறையில் செலுத்தும் புதிய வண்டியாயின், இப்பணியைப் பட்டறையில் விடுவதே நன்று. அடுத்து, எண்ணெயைப் பார்த்திடுக. கிளட்ச் என்ஜின் எண்ணெயிலேயே மூழ்கி இயங்குவதால், வழுவழுப்பு மிகுந்த கார் எண்ணெய் அதற்கு ஆகாது; புட்டியில் ‘ஜாசோ எம்.ஏ.’ என்னும் தரக்குறி உள்ள மோட்டார் சைக்கிள் எண்ணெயே ஏற்றது. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் கோத்தா திங்கியைச் சூழ்ந்ததைப் போன்ற வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் எண்ணெய் தே தாரிக் நிறம் கொண்டிருந்தால், நீர் கலந்துவிட்டதெனக் கொள்க. அதனை மாற்றாமல் என்ஜினை இயக்கலாகாது.

சரிசெய்யும் முறை

ஹோண்டா சி70, ஈஎக்ஸ்5 ஆகியவற்றுக்குரிய முறை வருமாறு:

1. வண்டியைச் சமதரையில் நடுத்தாங்கியில் நிறுத்தி, என்ஜினை அணைத்திடுக. புகைக்குழாய் வலப்புறமே இருப்பதால் அஃது ஆறும்வரை காத்திருத்தல் நன்று.

2. என்ஜினின் வலப்புற மூடியில் ஒரு நட்டும், அதன் நடுவில் திருப்புளி பொருந்தும் திருகும் காணப்படும். ஸ்பேனரால் நட்டைத் தளர்த்துக.

3. திருகைக் கடிகாரம் சுற்றும் திசையில் ஒரு சுற்றுத் திருப்புக. அதற்கு மேல் வேண்டா.

4. பின்னர் எதிர்த்திசையில் மெல்லத் திருப்பிக்கொண்டே வருக. விரலுக்குச் சிறு தடை தெரிந்தவுடன் நிறுத்துக.

5. அவ்விடத்திலிருந்து கடிகாரத் திசையில் எட்டில் ஒரு பங்கு சுற்று மட்டும் திருப்புக. இதுவே தேவையான இடைவெளி.

6. திருகு அசையாதபடி திருப்புளியால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்குக.

வேறு நிறுவன வண்டிகளில் திசையும் அளவும் மாறக்கூடும். அவற்றுக்குரிய கையேட்டையே பின்பற்றுக.

பிறகு, எதிரில் எவரும் இல்லாத வெளியிடத்தில் சோதித்துப் பார்க்க வேண்டும். முதல் கியர் இடும்போது என்ஜின் நிற்கலாகாது, வண்டி ஊரலாகாது. வேகப்பிடியை மெல்லத் திருப்பினால் வண்டி குதிக்காமல் சீராக நகர வேண்டும். மேட்டில் இன்னும் வழுக்குமாயின் தகடுகள் தேய்ந்துள்ளன என்பது பெரும்பாலும் தெளிவு. தேய்ந்த தகட்டைத் திருகு குணப்படுத்தாது.

புதிய தகடு பொருத்துதல்

இதற்கு எண்ணெயை வடித்து, வலப்புற மூடியைக் கழற்ற வேண்டும்; தனிக் கருவியும் தேவைப்படும். எனவே, பழகியவர் கையில் விடுவதே முறை. எனினும், நாம் கேட்டறிய வேண்டியவை நான்கு. புதிய உராய்வுத் தகடுகளைப் பொருத்துமுன் தூய எண்ணெயில் ஊறவைத்தனரா? சூட்டால் நீலம் பாய்ந்த அல்லது வளைந்த இரும்புத் தகடுகளை மாற்றினரா? மூடிக்குப் புதிய கேஸ்கட் இட்டனரா? எல்லாம் முடிந்தபின் திருகை மீண்டும் சரிசெய்தனரா? கடைசிப் பணியை விட்டுவிட்டால், புதிய தகடும் விரைவில் கருகக்கூடும்.

உயிர் காக்கும் பழக்கம்

கைவிசை இல்லாத இவ்வண்டியில், கியர் விழுந்திருக்கையில் வேகப்பிடியைத் திருப்பினாலே வண்டி பாய்ந்துவிடும். பள்ளி வாயிலிலோ மளிகைக் கடை முன்னோ என்ஜினை ஓடவிட்டு, முன்புறம் குழந்தையை அமர்த்தியபடி பேசிக்கொண்டு நிற்பதைத் தோட்டங்களில் காண்கிறோம். அக்குழந்தையின் பிஞ்சுக்கை ஒருமுறை பிடியைத் திருப்பினால் நேரக்கூடியதை விவரிக்க வேண்டியதில்லை. நின்றவுடன் என்ஜினை அணைத்தல் வேண்டும்.

இறக்கத்தில் எரிபொருளை மிச்சப்படுத்த எண்ணி நியூட்ரலில் உருட்டிச் செல்வதும் கூடாது. குறைந்த கியரில் இறங்கினால் என்ஜினே வண்டியை ஓரளவு பிடித்து நிறுத்தும்; ஈரச் செம்மண்ணில் பிரேக்கை மட்டும் நம்புவது ஆபத்து. மேலும், மிதியை அழுத்தியவாறே வேகத்தைக் கூட்டிப் பின் சட்டெனக் காலை எடுத்தலும் தகடுகளுக்குக் கேடு.

எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் இச்சோதனையைச் செய்து வருக. ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி, சில நிமிடப் பொறுமை ஆகியவையே இதற்குத் தேவை. வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஆணாயினும் பெண்ணாயினும் அவர்களை அருகில் இருத்திக் கற்பித்தால், தொழிலுக்கு உதவும் கருவியும் அதில் செல்வோர் உயிரும் ஒருங்கே காக்கப்படும்.