ஈறில் ரத்தம் வந்தால் பிரஷை நிறுத்தாதே!



போன மாசம் பல் விளக்கும்போது என் கீழ் ஈறில் ரத்தம் வந்துச்சு. பயந்துபோய் அந்த இடத்தை மட்டும் தொடாம விளக்கினேன். ரத்தம் இன்னும் கூடுதலா வந்துச்சு. பல் டாக்டர் பார்த்துட்டு, "நீ விட்டுட்ட இடத்துலதாம்மா கிருமி கூடு கட்டியிருக்கு" என்றார். அந்தக் கூட்டைப் பற்றித் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

கிருமிக் கூடு

மனித வாயில் சுமார் 700 வகைப் பாக்டீரியாக்கள் கண்டறியப்பட்டுள்ளன. எல்லாம் கெட்டவை அல்ல. பல்லின் மேல் எச்சில் மெல்லிய ஏடாகப் படிந்ததும், முதலில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வந்து ஒட்டுகிறது. அதன் மேல் ஃபியூசோபாக்டீரியம் ஒட்டி, பின்னால் வருபவற்றுக்குப் பாலமாகிறது. கடைசியில் ஈறுக்கு அடியில், காற்று இல்லாத இடத்தில், போர்பிரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ் போன்றவை பெருகுகின்றன. எல்லாம் சேர்ந்து பசையைச் சுரந்து அதற்குள் ஒளிந்துகொள்கின்றன. ஊருணிப் படிக்கட்டுப் பாசி மாதிரிதான். தண்ணி ஊத்தினா போகாது, தேய்க்கணும்.

தேய்க்காவிட்டால் எச்சிலில் உள்ள கால்சியம் படிந்து பற்காரை ஆகிவிடும். உப்புத் தண்ணிக் குடத்தில் வெள்ளையா காரை பிடிக்குமே, அதுபோல. அதை டாக்டர்தான் எடுக்க முடியும்.

ரத்தம் ஏன் வருகிறது?

கிருமியை எதிர்க்க உடம்பு ஈறுக்கு ரத்தத்தை அதிகம் அனுப்புகிறது. ஈறு சிவந்து வீங்கும். சண்டை பல நாள் நீடித்தால் பல்லைப் பிடித்திருக்கும் நாரும் எலும்பும் கரைந்து பல் ஆடும். பல் போன இடத்தில் டைட்டானியம் திருகு வைத்துப் பல் கட்டினாலும் கிருமி விடாது. திருகைச் சுற்றி அந்த நார் இல்லாததால் எலும்பு சீக்கிரம் கரையலாம்.

இரண்டு ஆராய்ச்சிகள்

1965-ல் ஹரால்ட் லோ என்பவர் டென்மார்க்கில் 12 பேரைப் பல் விளக்காமல் இருக்கச் சொன்னார். 10 முதல் 21 நாட்களுக்குள் எல்லோருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி விளக்கியதும் சரியானது.

பிறகு இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில், பிரஷ் பழக்கமில்லாத 480 ஆண் தொழிலாளர்களை 1970 முதல் 15 ஆண்டுகள் அவரும் குழுவினரும் கவனித்தார்கள். 100-க்கு 8 பேருக்கு நோய் வேகமாக முற்றியது. 81 பேருக்கு மெதுவாக முற்றியது. 11 பேருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது.

எங்க அப்பத்தா, "எங்க காலத்துல பிரஷ் ஏது? எம் பல்லு ஆடவா செய்யுது?" என்பார். அப்பத்தா அந்த 11 பேரைப் போன்றவராக இருக்கலாம். நான் 8 பேரில் ஒருத்தியா என்று எனக்கு எப்படித் தெரியும்?

நினைவில் கொள்க

1. காலை, இரவு இரண்டு வேளையும் ஈறு ஓரம் வரை மெதுவாகத் தேய்க்கவும்.
2. செங்கல் தூள், கரித்தூள் வேண்டாம். பல் தேய்ந்துபோகும்.
3. புகையிலையும் சர்க்கரை நோயும் ஈறு நோயைக் கூட்டும். வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லுங்கள்.
4. இரண்டு வாரத்துக்கு மேல் ரத்தம் வந்தால் டாக்டரிடம் போகவும்.

இப்போது எனக்கு ரத்தம் வருவதில்லை. விட்ட இடத்தையும் சேர்த்துத்தான் விளக்குகிறேன்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி