மாவைக் கழுவ உட்காரும் பிள்ளைகளுக்கு

நாகரசம்பட்டிப் பக்கம் மாவு, பலகாரத் தொழிலில் புதிதாக இறங்கும் பிள்ளைகளே, மாவில் புரதம் இருக்கிறதா, நீங்கிவிட்டதா என்று தெரிந்துகொண்டு அடுப்பைப் பற்றவையுங்கள்.

1. கோதுமை மாவைப் பிசைந்து, உருண்டை மூழ்கத் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரம் விடுங்கள். பிறகு அந்தத் தண்ணீரிலேயே கசக்குங்கள். பால் வெள்ளையாக இறங்கும். கையில் ரப்பர் போல் இழுபடும் திப்பி நிற்கும். அதுதான் குளூட்டன், கோதுமைப் புரதத்தில் பெரும்பங்கு. இத்தாலியில் பெக்காரி என்பவர் 1728-லேயே இதைப் பிரித்துக் காட்டினார். அடியில் படிந்த மாவைக் காயவைத்துச் சப்பாத்தி தேய்த்துப் பாருங்கள், விண்டு போகும்.

2. திருநெல்வேலி அல்வாவுக்குச் சம்பா கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பால் எடுப்பது இந்தப் புரதத்தை நீக்கத்தான். சுற்றிப் புரதம் இருந்தால் மாவுச்சத்து முழுதாக ஊதி விரியாது. அது நீங்கினால் தண்ணீரை நன்றாகக் குடித்து, வெந்து, கண்ணாடிபோல் பளபளக்கும். பால் ஓரிரவு தெளியட்டும். மேலே நிற்கும் புளித்த தண்ணீரை இறுத்துவிடுங்கள். பாகில் ஊற்றியபின் கிண்டுகிற கை நிற்கக் கூடாது. கட்டி விழுந்தால் கரையாது.

3. ரொட்டியின் மேல்தோல் சிவப்பது புரதமும் சர்க்கரையும் சூட்டில் சேர்வதால். கழுவிய பாலில் அந்தச் சிவப்பு குறைவு. அதனால்தான் அல்வாவுக்குச் சர்க்கரையைத் தனியாகக் கருக்கி ஊற்றுகிறார்கள். கலர்ப் பொடி வேண்டவே வேண்டாம்.

4. நம் ராகியில் குளூட்டன் கிடையாது. எவ்வளவு கழுவினாலும் திப்பி இழுபடாது. களியை உருண்டையாகப் பிடித்து நிறுத்துவது வெந்த மாவுச்சத்துதான். ராகியை ஊறவைத்து, அரைத்து, துணியில் வடித்துப் பால் எடுத்தால் கூழ் வழவழப்பாக வரும், ஆறினால் அல்வாபோல் உறையும். ஆறு மாதம் முடிந்த கைக்குழந்தைக்கு அது செரிக்கும், கொடுக்கலாம். ஆனால் 100 கிராம் ராகியில் சுமார் 7 கிராம் புரதமும் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியமும் உண்டு. இவற்றில் கணிசமான பங்கு துணியில் நிற்கும் சக்கையோடு போய்விடுகிறது. பிள்ளை நடக்கத் தொடங்கியபின்னும் வடித்த பாலையே கொடுக்கும் தாய்மார்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்பதில்லை. முழு மாவுக் கஞ்சிக்கு மாறச் சொல்லுங்கள். வடித்து உலர்த்திய பொடியை முழு ராகி என்று விற்காதீர்கள்.

5. அரிசிப் புரதம் வெறும் தண்ணீரில் பெரும்பாலும் கரையாது. ஆலைகளில் காரக் கரைசல் போட்டுப் பிரிக்கிறார்கள். வீட்டில் அதை முயலாதீர்கள்.

6. கோதுமைத் திப்பியைச் சாக்கடையில் கொட்டாதீர்கள். சீனர்கள் அதை வேகவைத்துக் கறிபோல் சமைக்கிறார்கள்; பேக்கரிகளில் வலுக் குறைந்த மைதாவோடு உலர்த்திய குளூட்டனைச் சேர்க்கிறார்கள்.

7. எத்தனை முறை கழுவினாலும் பாலில் கொஞ்சம் குளூட்டன் தங்கும். கோதுமை ஒவ்வாதவர் கேட்டால் அல்வாவைக் கொடுக்காதீர்கள். ராகியைக் கொடுங்கள், அதையும் கோதுமை அரைக்காத மில்லில் அரைத்து.