கார் சார்ஜருக்கு முன்னால் எர்த் கம்பி

"த்ரீ ஃபேஸ் இல்லாத வீட்டில் மின்சார காரைக் கட்டி மாரடிக்க முடியாது." பச்சைமலை அடிவாரத்துப் பூலாம்பாடி போன்ற பேரூராட்சிகளில் கார் வாங்க நினைப்பவரைப் பின்வாங்க வைக்க இந்த ஒரு வாக்கியமே போதும். இதில் உண்மை மிகக் கொஞ்சம். 2001இல் பெங்களூரிலிருந்து விற்பனைக்கு வந்த ரேவா கார், வீட்டிலிருக்கும் சாதாரண 15 ஆம்பியர் பிளக்கில்தான் சார்ஜ் ஆனது. 2020 ஜனவரியில் வந்த டாடா நெக்ஸான் மின்சார காரின் 30.2 யூனிட் பேட்டரியும் அதே வகைப் பிளக்கில் ஓர் இரவில் நிறைந்தது.

கணக்கு எளிது. 230 வோல்ட்டில் 16 ஆம்பியர் என்றால் சுமார் 3.7 கிலோவாட். அந்தப் பிளக்கில் சிறிய, நடுத்தரக் கார்கள் 3.3 கிலோவாட் வரை இழுக்கும். பூலாம்பாடியிலிருந்து பெரம்பலூர், அரும்பாவூர், வேப்பந்தட்டை என்று நாளைக்கு 50 கிலோமீட்டர் சுற்றும் ஒருவருக்கு, சார்ஜ் ஆகும்போது வீணாவதையும் சேர்த்து 8 யூனிட் போதும். இரண்டரை மணி நேர வேலை. 10 ஆம்பியருக்குக் குறைத்து வைத்தால்கூட மூன்றரை மணி நேரம்தான். ராத்திரி பத்து மணிக்குச் செருகினால் கோழி கூவுவதற்கு வெகு முன்பே காரியம் முடிந்துவிடும்.

அப்படியானால் 7.2 கிலோவாட், 11 கிலோவாட் என்று ஷோரூமில் காட்டும் சுவர்ப் பெட்டிகள் எதற்கு? "பெரிய பெட்டி மாட்டினால் சீக்கிரம் ஏறும்" என்று நம்பி வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது பெட்டியை அல்ல, காரை. சுவரில் மாட்டும் அந்தப் பெட்டி உண்மையில் சார்ஜரே இல்லை. எர்த் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, "இவ்வளவு ஆம்பியர் வரை எடுத்துக்கொள்ளலாம்" என்று காருக்குத் தகவல் சொல்லி, மின்சாரத்தைத் திறந்துவிடுவதோடு அதன் வேலை முடிந்தது. ஏசி மின்சாரத்தை டிசியாக மாற்றி பேட்டரிக்குள் ஏற்றும் நிஜமான சார்ஜர் காருக்குள்ளேயே இருக்கிறது. அதன் திறன் 3.3 கிலோவாட் என்றால், வெளியே 11 கிலோவாட் பெட்டியை மாட்டினாலும் கார் 3.3க்கு மேல் வாங்காது. ஒரே காரின் ஒரு மாடலில் 3.3உம் இன்னொரு மாடலில் 7.2உம் இருக்கும், 2022இல் வந்த நெக்ஸான் மேக்ஸ் இரண்டு விதமாகவும் விற்கப்பட்டது. ஆகவே காரின் விவரக் குறிப்பில் அந்த எண்ணைப் பார்க்காமல் பெட்டிக்குப் பணம் கட்டக் கூடாது.

த்ரீ ஃபேஸ் பேச்சில் உள்ள கொஞ்சம் உண்மை இங்கேதான் வருகிறது. தமிழ்நாட்டில் சிங்கிள் ஃபேஸ் இணைப்பு 4 கிலோவாட் வரைக்குமானது. 7.2 கிலோவாட் பெட்டி ஒன்றே அதைத் தாண்டிவிடும். அதை வைக்க வேண்டுமானால் ஈபி பிரிவு அலுவலகத்தில் விண்ணப்பித்து த்ரீ ஃபேஸ் இணைப்புக்கு மாற வேண்டும், அனுமதிக்கப்பட்ட லோடையும் கூட்ட வேண்டும். மாறிய பிறகும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 7.2 கிலோவாட் பெட்டி ஒரே ஃபேஸிலிருந்து 32 ஆம்பியரை இழுக்கும். மற்ற இரண்டும் சும்மா இருக்கும். 11 கிலோவாட் பெட்டி மூன்று ஃபேஸிலும் 16 ஆம்பியர் வீதம் பங்கு போட்டுக்கொள்ளும். க்ரெட்டா எலெக்ட்ரிக் மாதிரி 11 கிலோவாட் வாங்கக்கூடிய காரை, தினமும் இருநூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது பயன்படும். மற்றவர்கள் அந்தப் பணத்தை வேறிடத்தில் செலவழிக்கலாம்.

அந்த வேறிடம் எர்த். பெரம்பலூர் மாவட்டத்தில் கார் வாங்குகிறவர்கள் அதிகம் யோசிக்க வேண்டியதும், ஆனால் மிகக் குறைவாக யோசிப்பதும் இதுதான்.

"வீட்டில் ஃபேன், ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் ஓடுது, எர்த்துக்கு என்ன குறை?" என்பது பலரும் கேட்கும் கேள்வி. எர்த் இல்லாமலும் ஃபேன் ஓடும், ஃபிரிட்ஜ் குளிரும். கோளாறு வந்து உடம்பில் கரண்ட் பாயும் நாள் வரை எர்த் இல்லாதது தெரியவே தெரியாது. கார் அப்படி விடாது. எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் கேபிளில் இருக்கும் பெட்டி சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். "புது கார் ரிப்பேர்" என்ற புகார்களில் பல இப்படித்தான் தொடங்குகின்றன. கார் அங்கே தன் கடமையைச் செய்கிறது.

அந்த நேரத்தில் சிலர் செய்யும் ஒரு வேலை உயிருக்கே உலை வைப்பது: பிளக்கின் எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுவது. சிவப்பு விளக்கு மறையும், கார் சார்ஜ் ஆகும், எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் கம்பத்திலோ வீட்டுக்குள்ளோ நியூட்ரல் அறுந்துபோனால், அந்தத் துண்டு வயர் வழியாகக் காரின் இரும்பு உடல் முழுவதும் 230 வோல்ட் வந்து நிற்கும். காற்றடிக்கும் மாதங்களில் நியூட்ரல் அறுவது கிராமத்து லைன்களில் அதிசயம் அல்ல. மழையில் நனைந்த தரையில் வெறுங்காலோடு கதவைத் திறக்கிற குழந்தையை நினைத்துப் பார்த்தால் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எம்சிபி இருப்பதால் பாதுகாப்பு என்று நினைப்பதும் தவறு. கோடையில் மண் காய்ந்து எர்த்தின் தடை 100 ஓம் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். லைவ் வயர் காரின் உடலைத் தொட்டாலும் மண்ணுக்குள் போகும் கரண்ட் 2.3 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்சிபி அதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. கார் உயிருள்ள கம்பியாக நின்றுகொண்டே இருக்கும். அந்த இடத்தில் காப்பாற்றுவது, மக்கள் ஈஎல்சிபி என்று சொல்லும் ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது துண்டித்துவிடும். மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதிகளும் மின்சார வாகன சார்ஜிங்குக்கு 30 மில்லி ஆம்பியருக்கு மிகாத ஆர்சிசிபியைத்தான் கேட்கின்றன. இதிலும் வகை உண்டு. காரின் உள்ளே ஏசி டிசியாக மாறுவதால் கசிவிலும் டிசி கலந்து வரலாம். கடையில் மலிவாகக் கிடைக்கும் 'ஏசி' வகை ஆர்சிசிபி அந்தக் கசிவில் செயலிழந்துபோகும் வாய்ப்பு இருக்கிறது. டிசி கசிவைத் தானே கண்டறியும் சுவர்ப் பெட்டியாக இருந்தால் 'ஏ' வகை போதும். இல்லையென்றால் 'பி' வகை வேண்டும். எலெக்ட்ரீஷியனிடம் இந்த எழுத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும்.

மண் விஷயத்தில் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்கே வித்தியாசம் இருக்கும். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசலில் ஈரம் இருக்கும் வரை எர்த் நன்றாக நிற்கும். சித்திரையில் மண் வெடிக்கும்போது கம்பிக்கும் மண்ணுக்கும் இடையே பிடிப்பு விட்டுப்போகும். மலையடிவாரத்துப் பாறை நிலத்தில் கம்பி ஆழமாக இறங்குவதே சிரமம். அதனால் காருக்கென்று தனி எர்த் குழி போட்டு, மாசி, பங்குனி வெயிலில் எர்த் டெஸ்டர் கருவியால் அளந்து பார்ப்பது நல்லது. 5 ஓமுக்குள் இருந்தால் நிம்மதி. டெஸ்ட் பல்பு எரிகிறதே என்று திருப்திப்படக் கூடாது. சுமாரான எர்த்திலும் சின்ன பல்பு எரிந்துவிடும்.

"ஏசிக்குப் போட்ட பிளக் சும்மாதானே இருக்கு, அதிலேயே மாட்டிக்கலாம்." இதுவும் அடிக்கடி கேட்பது. ஏசியின் கம்ப்ரஸர் அறை குளிர்ந்ததும் ஓய்வெடுக்கும். கார் ஓய்வெடுக்காது, 14, 15 ஆம்பியரை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். தளர்ந்த பிளக்கின் பித்தளை முனையில் சூடு சேர்ந்து சேர்ந்து பிளாஸ்டிக் உருகும். காருக்கு மீட்டர் போர்டிலிருந்து தனி லைன், அதற்கென்று தனி எம்சிபி, 16 ஆம்பியருக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், 32 ஆம்பியருக்குக் குறைந்தது 6. நீளம் கூடினால் வயரும் தடிக்க வேண்டும். சாதாரண சாக்கெட்டுக்குப் பதில் நீல நிற இண்டஸ்ட்ரியல் சாக்கெட் போடலாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. மத்திய மின்சார ஆணையத்தின் விதிகளும் அதைத் தடை செய்கின்றன.

பூலாம்பாடிக்கே உரிய இன்னொரு நம்பிக்கை உண்டு. இந்த ஊரில் மலேசியாவோடும் சிங்கப்பூரோடும் தொடர்புள்ள குடும்பங்கள் பல. "அங்கேயிருந்து வாங்கிவரும் சார்ஜர் இன்னும் தரமா இருக்கும்" என்று விடுமுறைக்கு வருகிறவர் பெட்டியில் ஒன்றைக் கொண்டுவருவார். காரில் செருகும் முனை பொருந்தும். அங்கும் இங்கும் டைப் 2 என்ற வகைதான். சுவரில் செருகும் முனைதான் சிக்கல். அங்கே பிரிட்டிஷ் பாணி 13 ஆம்பியர் சதுரப் பின், இங்கே 16 ஆம்பியர் உருண்டைப் பின். இடையில் ஒரு கன்வெர்ட்டர் அடாப்டரை மாட்டினால், முழுச் சங்கிலியிலும் பலவீனமான கண்ணி அதுவாகிவிடும். சீனாவிலிருந்து வாங்கியதென்றால் கார் முனையே பொருந்தாமல் போகலாம்.

வோல்டேஜ் குறைந்தால் கார் கெட்டுவிடும் என்ற பயத்தில் பெரிய ஸ்டெபிலைசர் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள். தேவையில்லை. வோல்டேஜ் 180க்கு இறங்கினால் 15 ஆம்பியரில் 2.7 கிலோவாட்தான் ஏறும், நேரம் கொஞ்சம் கூடும், மிகவும் இறங்கினால் பெட்டி தானாக நிறுத்திவிடும். தெருவில் லோடு குறையும் நடு இரவுக்கு நேரம் வைத்துவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தீரும்.

பில் விஷயத்தில் நம்பிக்கை இரண்டு பக்கமும் தவறுகிறது. "வீட்டு கரண்ட்தானே, ஒன்றும் ஆகாது" என்பார் ஒருவர். "பில் வந்தால் மயக்கமே வரும்" என்பார் இன்னொருவர். வீட்டு இணைப்பிலேயே காரை சார்ஜ் செய்யலாம், வீட்டுக் கட்டணம்தான் பொருந்தும் என்று மத்திய மின் அமைச்சகத்தின் வழிகாட்டுதல் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் 2024 ஜூலைக் கட்டணப்படி தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் போக, 500 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் 8 ரூபாய்க்கு மேல், 600ஐத் தாண்டினால் 9 ரூபாய்க்கு மேல் போனது. ஏற்கெனவே 300 யூனிட் ஓடும் வீட்டில், நாளைக்கு 50 கிலோமீட்டர் ஓடும் கார் சேர்ந்தால் இரண்டு மாதத்தில் இன்னொரு 480 யூனிட் கூடும். அந்தக் கட்டணப்படி அதற்குக் கூடுதலாக ஏறக்குறைய 3,900 ரூபாய். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 30 காசு. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் பெட்ரோல் கார் அதே இரண்டு மாதத்தின் 3,000 கிலோமீட்டருக்கு 200 லிட்டர் குடிக்கும். லிட்டர் நூறு ரூபாய் என்றாலே 20,000.

கடைசியாக, வயலுக்கு நடுவே வீடு கட்டியிருப்பவர்களுக்கு. கிணற்று மோட்டாருக்கு வந்திருக்கும் இலவச த்ரீ ஃபேஸ் லைனிலேயே காரை மாட்டிவிடலாம் என்ற யோசனை எழுவது இயல்பு. அந்த இணைப்பு பாசனத்துக்கு மட்டும் தரப்பட்டது. வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் 2003 மின்சாரச் சட்டத்தின் 126ஆவது பிரிவின்படி உரிய கட்டணத்தைப் போல் இரு மடங்கு கட்ட நேரும்; திருட்டாகக் கருதப்பட்டால் வழக்கும் வரும். நாலு காணிக்கு நீர் பாய்ச்சும் இணைப்பை ஆபத்தில் தள்ளும் அந்த வேலையால் கரண்ட் பில்லில் மிச்சமாவது மாதம் 2,000 ரூபாய்கூட இல்லை.